மிதக்கப் பயந்த கல்லு

தண்ணீரில் மிதக்கப் பயந்து, அந்தப் பயத்தில் தண்ணீருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட ஆள் இந்தப் பூலோகத்திலேயே ஒருவன்தான். அவன் எங்கள் கல்லு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. திருமங்கலத்தில் நாங்கள் தங்கிய ராணுவப் பயிற்சி விடுதியில் அது யாருக்கும் ஞாபகமில்லை.

விடுதிக்குப் பின்னால் ஒரு பெரிய கிணறு. முதல் நாள் அதில் குதித்த கல்லு மேலே வரவேயில்லை. நீச்சல் மாஸ்டர் வாயில் விசிலோடு பாய்ந்தார். கல்லு அடியில் கல்யாணப் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டிருந்தானாம். மேலே தூக்கி வந்ததும்தான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஐயோ, முங்கிருவேன்! காப்பாத்துங்க!" என்று ஊரைக் கூட்டினான்.

"அடேய், இம்புட்டு நேரம் முங்கித்தானடா கெடந்த?"

"முங்கிட்டா அப்புறம் என்ன பயம் மாஸ்டர்? மேல இருந்தாத்தான் எப்ப முங்குவோம்னு பக்கு பக்குனு இருக்கு."

நான் நேர் எதிர். மேலே நன்றாக நீந்துவேன். தலை உள்ளே போனால் உயிரே போய்விடும். இருவருக்கும் கனவு ஒன்றுதான்: கடற்படையில் முக்குளிக்கும் வேலை. "உங்க ரெண்டு பேரையும் ஒட்டவச்சா ஒரு முழு ஆளு தேறும்" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

"மாப்ள, தலைய மட்டும் உள்ள விடு. நான் கீழ இருக்கேன்ல" என்பான் கல்லு. ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். தெளிந்த தண்ணீரில், கீழே உட்கார்ந்தபடி, வீட்டுக்கு வந்த விருந்தாளியை அழைப்பதுபோல் கையாட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் அதோடு போயிற்று. பதிலுக்கு அவனுக்கு மிதக்கச் சொல்லிக்கொடுத்ததில் என் தோள் பிய்ந்ததுதான் மிச்சம்.

கடற்படைத் தேர்வு நாளில் நான் தேறிவிட்டேன். அடுத்து கல்லு. நீச்சல் குளத்தின் ஒரு முனையில் இறங்கியவனைக் காணோம். காவலுக்கு நின்றவர்கள் குதிக்கப்போன நேரம், மறுமுனையில் தலை முளைத்தது. அடியிலேயே நடந்து வந்திருந்தான்!

"நீந்தணும்ப்பா!" என்றார் அதிகாரி.

"அதான் அக்கரைக்கு வந்துட்டேன்ல சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே அவனை வெளியே அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் வழிநெடுக அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது என் தோளில் தட்டினான்.

"விடு மாப்ள. நீயாச்சும் போறேல்ல. கீழ போனா எனக்கும் சேத்து உக்காந்துட்டு வா."

இப்போது கொட்டாம்பட்டிப் பக்கம் கிணறுகளில் விழுந்த மோட்டார்களை எடுத்துக் கொடுக்கிறான். இறங்கும்போது ராஜா. ஏறி வருவதற்கு மட்டும் இடுப்பில் கயிறு.

நான் கடற்படையில் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடலுக்குள் இறங்கித் தரை தட்டியதும், கூட வந்தவர்கள் கவனிக்காத நேரமாகப் பார்த்து, கல்லுக்காகக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறேன்.