கேஸ்கட் கட்டிய குடில்

திருவண்ணாமலையில் கேஸ்கட் கை படாத குக்கர் கிடையாது. அவன் தூக்கிப் போட்ட பொருள் என்று ஒன்றும் கிடையாது. என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இந்த இரண்டாவதுதான்.

கேஸ்கட் என்பது ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர். கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் தெருமுனையில் குக்கர், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாது. அவன் வீடும் என் வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. நான் பஸ் கண்டக்டர், சென்னை ரூட். தெருவில் கிறிஸ்தவ வீடு எங்கள் இரண்டும்தான். அதில் ஒன்று போதும் என்று நான் நினைக்காத டிசம்பர் கிடையாது.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயந்திரம் ஃபாதர் வீடு வீடாக வந்து, இயேசு பிறந்த மாட்டுக் கொட்டகையைப் பொம்மை வைத்துக் காட்டும் குடிலைப் பார்ப்பார். எது அவருக்குப் பிடிக்கிறதோ, அந்த வீட்டு ஆள்தான் அன்றைய ராத்திரிப் பூசையில் குழந்தை இயேசு சுரூபத்தைக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை தூக்கிப் போக வேண்டும். சின்னச் சிலைதான், ஒரு முழம் இருக்காது. அதை ஒரு தடவையாவது தூக்க வேண்டும் என்பது எனக்குப் பத்து வருஷ ஆசை. அதற்காகவே சென்னை போகும்போதெல்லாம் வாங்கி வந்தேன். பிளாஸ்டிக் மரம், பாட்டுப் பாடும் சீரியல் செட், கண்ணாடிக் கண் வைத்த ஒட்டகம். அப்படியும் மூன்று வருஷம் தொடர்ந்து தூக்கினவன் கேஸ்கட்.

அவன் எதையும் வாங்கமாட்டான். ஒரு வருஷம் செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் உட்காரும் காபிக் கடைக் கதவில் கிறிஸ்துமஸுக்காக ஒரு பச்சை வளையம் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்தான். தேய்ந்துபோன குக்கர் மூடியின் ரப்பர் கேஸ்கட்டில் சவுக்குத் தழையைச் சுற்றி, நாலு காய்ந்த மிளகாயைக் கட்டி, வாசல் கதவில் மாட்டினான். வாசலில் மலர் வளையம் வந்தால் எங்கள் தெருவில் என்ன அர்த்தம்? காலையில் எதிர்வீட்டுக்காரர் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார். பின்னாலேயே நாலு பேர். அடுத்த தெருவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. பண்டிகைக்கு விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து இவன் டீ கொடுத்தான். யாரும் தொடவில்லை. கடைசியில் ஒருவர், பெரியவரை எங்கே கிடத்தியிருக்கிறது என்று மெல்லக் கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கேஸ்கட்டின் அப்பா வாயில் பிரஷ்ஷோடு பாத்ரூமிலிருந்து வெளியே வந்தார்.

ஒரு வாரம் தெரு முழுக்க அதே பேச்சு. என் வீட்டு வாசலில் தொங்கிய ஸ்டாரைப் பற்றி ஒருவன்கூடப் பேசவில்லை.

அடுத்த வருஷம் மரம் செய்தான். கம்பி உடைந்த குடை ஒன்றைப் பாதி விரித்து நட்டு, பச்சை ஜாக்கெட் துணி வெட்டுகளைச் சுற்றி, மணிக்குப் பதில் குக்கர் வெயிட்டுகளைத் தொங்கவிட்டான். காற்றடித்தால் டிங் டிங் என்றது. ஃபாதர் கை தட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கு ரத்தம் கொதித்தது. ஏனென்றால் அந்தக் குடை என்னுடையது. நான் குப்பையில் போட்டது. கேஸ்கட்டிடமே கேட்டுவிட்டேன்.

"வேணும்னா எடுத்துக்கய்யா," என்றான். "பூசைக்குக் குடுத்ததா இருக்கட்டும்னு நெனச்சேன்."

வீட்டுக்குள் வந்து கத்தினேன். என் வீட்டுக்காரி அரிசி களைந்துகொண்டே, "கடையில வாங்குனதப் பாத்து யாருங்க அசந்து போவாங்க? அது கடையிலயே இருக்குதே," என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

நாலாவது வருஷம்தான் உச்சம். கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் தெருவே அகல் விளக்குகளை மூலையில் ஒதுக்கிவிடும். இவன் சாக்கோடு வீடு வீடாகப் போய் வாங்கி வந்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்து வைத்தான். கிழிந்த கோணியைக் கஞ்சியில் முக்கி முன் அறை முழுக்க மலை கட்டினான். எட்டிப் பார்த்தேன். அச்சு அசல் நம் ஊர் மலை. அடிவாரத்தில் மாட்டுக் கொட்டகை, மலையைச் சுற்றி வட்டமாக அகல், உச்சியில் ஒன்று.

"இன்னாய்யா, பெத்லகேமுக்கு நம்ம மலைய வச்சிருக்க?"

"எனக்கு வேற மலை தெரியாதுய்யா. நீ பெத்லகேம் போயிருக்கியா?"

நான் சென்னை தாண்டினதில்லை.

அந்த வருஷம் பௌர்ணமியும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் ஒன்றாக வந்தன. சாயந்திரம் அகலெல்லாம் ஏற்றிக் கதவைத் திறந்து வைத்தான். கிரிவலம் போன ஒரு அம்மா உள்ளே மலையையும் உச்சி விளக்கையும் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டாள். அவள் பின்னால் பத்துப் பேர், அவர்கள் பின்னால் ஐம்பது பேர். கிரிவலத்தில் ஒரு வரிசை நின்றால் அது எதற்கு என்று கேட்காமல் நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசை என் கேட்டைத் தாண்டிவிட்டது.

கேஸ்கட் யாரிடமும் பொய் சொல்லவில்லை. "கொழந்த சாமிம்மா. இன்னிக்கி ராத்திரிதான் பொறக்குது," என்றான். அந்த அம்மா கொட்டகைக்குள் காலியாகக் கிடந்த தொட்டிலைப் பார்த்தாள். கொட்டாயில் பிறக்கிற பிள்ளைக்குக் குளிராதா என்று கேட்டாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொட்டிலில் வைத்தாள். "வந்ததும் போத்தி வுடுங்க."

என் வீட்டில் சீரியல் செட் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. ஒட்டகம் கண்ணாடிக் கண்ணால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்தைக் கலைத்துவிடுவது என்று வெளியே பாய்ந்தேன். அங்கே தள்ளுமுள்ளு. ஒரு கிழவர் சாயப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தது. ஒரு ஊது ஊதினேன். அப்புறம் வாயும் தானாக ஓடியது. "வழியில நிக்காத, முன்னாடி போ. உள்ள எடம் இருக்குது. வெளிய வர்றவங்களுக்கு வழி வுடு." இருபது வருஷப் பழக்கம், என்ன செய்வது? அவன் குடிலுக்கு நான் கண்டக்டர் ஆனேன்.

நடுவில் பேன்ட் சட்டை போட்ட ஒருவர் ஓரமாக நுழையப் பார்த்தார். "சார், லைன்ல வாங்க, எல்லாரும் மனுசங்கதான்," என்று சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் பேசாமல் பின்னால் போய் நின்றார். அரை மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் முகம் பார்த்தேன். எங்கள் ஃபாதர்.

அப்போதுதான் கேஸ்கட் வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றான்.

"பாத்தவங்க அப்படியே போயிடாதீங்க. பக்கத்து வூட்டுலயும் கொழந்த சாமி இருக்குது. அங்க ஒட்டகம்லாம் இருக்குது. அதையும் பாத்தாதான் முழுசு."

மொத்த வரிசையும் என் கேட்டுக்குள் திரும்பியது. பண்டிகைக்குச் சுட்ட முறுக்கு முழுவதும் காலி. ஒட்டகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள்கூட உண்டு. ஃபாதரும் வந்தார், பார்த்தார், சிரித்தார். ஆனால் சுரூபம் தூக்கச் சொன்னது கேஸ்கட்டைத்தான்.

கோயிலில் நான் வாசலை ஒட்டி முதல் ஆளாக நின்றேன். தோற்றாலும் கிட்டத்தில் நின்று தோற்கலாம் என்று. அந்த அம்மாவின் துண்டில் சுரூபத்தை ஏந்தி வந்த கேஸ்கட் என் பக்கத்தில் நின்றுவிட்டான்.

"அகல் ஏத்துன கைய்யா. எண்ணெ வழுக்குது. கீழ போட்டுட்டா பாவம். நீ புடி."

வாங்கிக்கொண்டேன். பீடம் வரை நடந்தேன். எத்தனை அடி என்று இன்றைக்கும் சொல்வேன். துண்டில் எண்ணெய்ப் பொட்டு ஒன்றுகூட இல்லை. அவன் கையிலிருந்து சோப்பு வாசனைதான் அடித்தது.

போன வருஷம் கடையை மூடிவிட்டு மகளோடு இருக்க ஓசூர் போய்விட்டான். இனி போட்டி இல்லை, நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும். இந்த டிசம்பரில் எங்கள் வீட்டுக் குக்கரின் பழைய கேஸ்கட்டில் சவுக்குத் தழை சுற்றிக் கதவில் மாட்டினேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வேகமாகத் தெருவைத் தாண்டி வந்தார். இந்தத் தடவை துண்டு போர்த்தவில்லை.

"இன்னாங்க, கேஸ்கட் வந்துட்டானா?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிட்டு, வளையத்தில் கட்ட மறந்துபோன நாலு காய்ந்த மிளகாயை எடுத்து வர உள்ளே போனேன்.