சிவப்புக் கட்டங்களும் அடியேனும்

ஸ்ரீரங்கம்.

அத்திம்பேர் ஜகன்னாத் அவர்களுக்கு, அடியேன் வெங்கட்ராகவன் தண்டனிட்டு எழுதும் விண்ணப்பம். பெருமாள் கிருபையால் இங்கே நானும் பூமாவும் க்ஷேமம். அங்கே நீங்களும் அக்காவும் அப்படியே இருக்கப் பிரார்த்திக்கிறேன். போனில் சொன்னால் உங்கள் காதுக்குப் பாதிதான் போய்ச் சேர்கிறது என்பதால் எழுதுகிறேன். "ஏசி ரூம்ல உக்காந்துண்டு டிவி பாக்கற உத்தியோகம், அதுல என்னடா உனக்கு அலுப்பு?" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இது.

அது டிவி இல்லை, அத்திம்பேர். எங்கள் ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்சுகள் உட்காரும் இடத்துக்கு எதிரே ஒரு பெரிய திரை இருக்கிறது. நோயாளிகளின் நாடி, சர்க்கரை, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் அதில் வரும். டாஷ்போர்டு என்பார்கள். நிர்வாக அதிகாரியான என் தலையில் அதையும் கட்டியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு மருந்துக் கடை தனக்கும் திரையில் ஒரு கட்டம் கேட்டது, கொடுக்கச் சொன்னார்கள். பில்லிங் கேட்டது, கொடுக்கச் சொன்னார்கள். இட்லி தீர்ந்துவிட்டது என்று அறிவிக்க கேன்டீன் கேட்டது, அதற்கும் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் கட்டம் கண்ணில் படவில்லை என்று ஆளாளுக்குச் சண்டை போட்டுச் சிவப்பு நிறம் வாங்கிக்கொண்டார்கள். திரை முழுக்கச் சிவப்பானதும் நர்சுகள் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

போன மாதம் உப்பிலியபுரத்திலிருந்து வீரம்மாள் என்று ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். ஒரு பிற்பகல் அவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டது. திரையில் வராமல் இல்லை. உடைந்த வீல்சேருக்கும் காலையில் தீர்ந்துபோன இட்லிக்கும் நடுவே வந்தது. யாரும் பார்க்கவில்லை. அவருடைய மகள் அனுசுயா ஓடி வந்து, "அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது, கூப்பிட்டா கண்ணைத் தொறக்கல, யாராச்சும் வாங்களேன்!" என்று அலறிய பிறகுதான் பேட்ரிசியா சிஸ்டர் ஓடினார். குளுக்கோஸ் ஏற்றியதும் அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். அன்று எனக்குச் சாதம் இறங்கவில்லை. "வயிறு சரியில்லையா?" என்றாள் பூமா. ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

திரையை மாற்றியே தீரவேண்டும் என்று டைரக்டர் தைரியராஜ் ஒரு குழு போட்டார். வேறு யார், தலைவர் நான்தான். துவாக்குடியில் மென்பொருள் கம்பெனி நடத்தும் மேகனா என்ற பெண் புதிதாக வடிவமைத்துத் தர வந்தாள். கட்டங்களைக் குறைக்கவேண்டும் என்பதில் கூட்டத்தில் அபிப்பிராய பேதமே இல்லை, அடுத்தவர் கட்டங்களை. மேகனா பொறுமையாக, "நர்ஸ் உடனே எழுந்து ஓடவேண்டியது எதுவோ, அது மட்டும் திரையில இருக்கட்டும் சார்" என்றாள். கேன்டீன் சுடலைமுத்து கண்கலங்கிவிட்டார். "இட்லிக்கும் ஓடத்தானேம்மா செய்றாங்க?"

எல்லாரிடமும் ஏச்சு வாங்கி, கெஞ்சி, ஒருவழியாகப் போன வாரம் புதுத் திரை வந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சிவப்பு. வந்த அன்றைக்கே ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் இறங்கியது. சிவப்பைப் பார்த்ததும் பேட்ரிசியா சிஸ்டர் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். யாரும் அலறவில்லை. யாரும் அலறவேண்டியிருக்கவில்லை. நான் ஓரமாக நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். இனி ரிட்டையர் ஆகும்வரை நிம்மதி, அத்திம்பேர்.

மாலினி அக்காவுக்கு என் நமஸ்காரங்கள். உங்கள் முழங்கால் வலியை ரங்கநாதன் பார்த்துக்கொள்வான். நீங்களும் ஒரு நடை போய் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அடியேன்,
வெங்கட்ராகவன்

பி.கு.: எழுதியதைத் தபாலில் சேர்க்காமல் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். அதற்குள் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். "திரையில பாதி இடம் சும்மா கெடக்கே வெங்கட்ராகவன், வேஸ்ட்தானே? நம்ம ஹெல்த் செக்கப் விளம்பரத்தப் போடுங்க. பளிச்சுன்னு, சிவப்புல." என் சர்வீஸிலேயே முதல் தடவையாக, "முடியாது சார்" என்றேன். மறுநாளே விளம்பரம் வந்துவிட்டது. பேட்ரிசியா சிஸ்டர் ஸ்டூலில் ஏறி, அதன்மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார். டைரக்டர் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனால், மேலே நிம்மதி என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். முடியாது என்று சொன்னதற்காக, நாளை முதல் எனக்குக் கார் பார்க்கிங்கில் வேலை. அங்கே திரை ஏதும் கிடையாது. ஒரு விசில் கொடுத்திருக்கிறார்கள்.