என் மூஞ்சி எனக்கே என்று தீர்ப்பானது

கோயம்புத்தூர்,
12.8.1994

அன்புள்ள மச்சான் ஆஸிம் அவர்களுக்கு, ஷேக் பரீத் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். கிணத்துக்கடவில் வீட்டிலும் தோப்பிலும் எல்லோரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே நானும் உங்கள் அக்கா சஃபியாவும் சுகம். வெறும் சுகம் என்ன மச்சான், கேஸில் ஜெயித்துவிட்டோம்!

ரோஸ் பாக்கெட்டில் என் படம் போட்ட 'பரீத் மார்க் பல்பொடி'யை நான் மெட்ராஸில் முறைப்படி பதிவு செய்து வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். போன வருடம் அன்னூர் மளிகைக்கடை வேங்கடசாமியிடம் சரக்குப் போடப் போனால், "ஏனுங்க பாய், நேத்துத்தானுங்க உங்க தம்பி வந்து பெட்டி எறக்கிப்போட்டுப் போனாரு" என்கிறார். எனக்கு ஏது தம்பி? பாக்கெட்டை வாங்கிப் பார்த்தால் அதே ரோஸ், அதே எழுத்து, அதே நான்! 'பரீத்' இருந்த இடத்தில் மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி 'மஜீத்' என்றிருந்தது. உக்கடத்தில் புதிதாகப் பொடி போடும் அப்துல் மஜீத்தின் வேலை. அவிநாசிக்குப் போனால் அங்கேயும் இதே கதை. போகிற கடையிலெல்லாம் எனக்கு முன்னாடி நானே போய் உட்கார்ந்திருந்தேன். வியாபாரம் பாதியாகி, பொடி இடிக்கும் பெண்களை நிறுத்திவிடலாமா என்கிற அளவுக்கு வந்துவிட்டது. நேரில் போய்க் கேட்டதற்கு, "மூஞ்சிக்கெல்லாம் பட்டா வாங்கி வெச்சிருக்கீங்களா பாய்?" என்று சிரித்தான். வயிறு எரிந்துபோய் வக்கீல் ஜோவிதா அம்மாவிடம் ஓடினேன். "பட்டா இருக்குதுங்க பாய். மெட்ராஸ்ல பதிஞ்சீங்களே, அதுதானுங்க பட்டா" என்று சொல்லிக் கேஸ் போட்டுவிட்டார்.

கோர்ட்டில் மஜீத் துணிந்து ஒன்று சொன்னான் பாருங்கள்: படத்தில் இருப்பது அவனைப் பெற்ற, காலமான அத்தாவாம்! படம் எடுத்தபோது எனக்குத் தலை நிறைய முடி. இப்போது தொப்பியும் வெள்ளைத் தாடியும்தான். ஜட்ஜ் ஐயா பாக்கெட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார். எனக்கு வேர்த்துவிட்டது. அப்போது ஜோவிதா அம்மா உங்கள் அக்காவைக் கூண்டில் ஏற்றினார். "இவர்தான்னு எப்படிம்மா சொல்றீங்க?" என்று ஜட்ஜ் கேட்டார். "எடது புருவத்தப் பாருங்கய்யா, ஏணி வெச்ச மாதிரி ஏறி நிக்குது. சோத்துல உப்புக் கொறஞ்சா ஊட்டுல இப்படித்தானுங்க" என்றாள். மஜீத்தின் வக்கீல் சிரித்தார். சஃபியா என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, இன்னைக்குத் தூக்குல குடுத்துவுட்ட சோத்துல உப்பே போடலீங்க" என்றாள். என் புருவம் என்னைக் கேட்காமல் ஏறிவிட்டது மச்சான்! ஜட்ஜ் பாக்கெட்டை என் மூஞ்சிக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார். கோர்ட்டே சிரித்தது, மஜீத்தைத் தவிர.

நேற்றுத் தீர்ப்பு. அந்தப் பாக்கெட்டில், அந்தப் படத்தோடு, மஜீத் ஒரு சிட்டிகைகூட விற்கக் கூடாது. மிச்சத்தைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். இன்று நான் அன்னூரிலும் அவிநாசியிலும் கடை கடையாக ஏறி இறங்கி மூஞ்சியைக் காட்டிவிட்டு வந்தேன். இனி இதை உலகத்தில் எவனும் தொட முடியாது.

பிள்ளைகள் எல்லோரும் நீடூழி வாழ அல்லாஹ் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
ஷேக் பரீத்

பி.கு.: மஜீத் அதே பொடியைப் பச்சைப் பாக்கெட்டில், தன் படத்தையே போட்டு விற்கத் தொடங்கிவிட்டான். சற்றுமுன் நம் வீட்டுக் குளியலறையில் அதில் ஒன்றைப் பார்த்தேன். சஃபியாவைக் கேட்டால், "கோர்ட்டு உங்க படத்தத்தானுங்க போட வேண்டாம்னுது, பொடிய இல்லீங்களே. கேஸு நடக்கறப்பவும் நான் இதத்தான் தேச்சேன். உங்க பொடி நாக்கு எரியுதுங்க" என்கிறாள். நானும் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன் மச்சான். நன்றாகத்தான் இருக்கிறது.