வேட்டியால் அளந்த லென்ஸ்

கோலார் தங்க வயலில் அத்தனை பேரும் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மேலேயிருந்து பார்த்தால் பூமி ஒழுங்காகத் தெரிகிறதா என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் லென்ஸ்காரர். சுரங்கத்தின் சர்வே ஆபீசில் வரைபடம் போடுவது அவர் வேலை. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே யோசிப்பார்.

அறுபதுகளில், ஆண்டர்சன்பேட்டையில் நான் குடியிருந்த வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவர் இருந்தார். பெங்களூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு நான் ஊர்ச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். செய்தி கிடைக்காத நாட்களில் அவரிடம் போய் உட்கார்ந்தால் போதும், பொழுது போய்விடும்.

விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டித்தான் வரைபடம் தயாரிக்க வேண்டும். ஒட்டுவது ஓரங்களில். லென்ஸ் சுமாரானது என்றால் நடுவில் எல்லாம் பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் வீடும் ரோடும் கஞ்சியாகக் கலங்கிவிடும். பல வருஷம் இந்தக் கஞ்சியோடு போராடியதில், உலகத்தில் எதையும் ஓரத்தை வைத்தே எடைபோடும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. சினிமாவுக்குப் போனால் கடைசி ஓர நாற்காலிதான் கேட்டு வாங்குவார். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது இவர் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடைவேளையில் மாடிப்படி ஏறி, மேல் மூலை கலங்குகிறது என்று ஆபரேட்டரிடம் புகார் சொல்வார். பிறகு அந்த ஆபரேட்டர் இடைவேளை விட்டதும் முதல் வேலையாக உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

நாற்பதை நெருங்கும்போது அவருக்குப் பெண் பார்த்தார்கள். தரகர் ஒரு போட்டோவை நீட்டினார். லென்ஸ்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் நாலு மூலையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, தொட்டிச் செடி கலங்கியிருக்கிறது, ஸ்டூடியோக்காரன் மட்டமான லென்ஸ் வைத்திருக்கிறான் என்றார். பெண் எப்படி என்று தரகர் கேட்டார்.

"பொண்ணு நடுவுல கீறாங்க. அத வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது."

பெண்ணின் பெயர் ரஞ்சிதம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்தப் பதில் அவள் காதுக்குப் போனபோது டியூட்டி முடியும்வரை சிரித்தாளாம். கட்டினால் அந்த ஆளைத்தான் கட்டுவேன் என்று அன்று மாலையே அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

கல்யாண நாள் குறித்த பிறகுதான் விமானம் வருகிறது என்ற சேதி வந்தது. வயல் முழுவதையும் படமெடுக்க ஒரு கம்பெனியை அமர்த்தியிருந்தார்கள். வேலை ஆரம்பிக்கும் முன் லென்ஸைச் சோதிக்கும் பொறுப்பு இவருக்கு. கறுப்புத் தரையில் வெள்ளைக் கோடுகள் போட வேண்டும், மூன்று மூன்றாக, வரவர ஒடுங்கிக்கொண்டே போக வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் எந்த அகலம்வரை கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றனவோ, அதுதான் லென்ஸின் திறமை.

நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் பாய்லர் கரி கொட்டிக் கறுத்த மைதானம் ஒன்று கிடந்தது. சுண்ணாம்பு அடித்தால் காற்றில் பறந்தது. லென்ஸ்காரர் நேராக சலவைக்காரர் முனுசாமியிடம் போனார். அகலக் கோட்டுக்குப் படுக்கை விரிப்பு, அடுத்ததற்கு வேட்டி, கடைசிக்குத் துண்டு என்று ஊரார் சலவைக்குப் போட்டதெல்லாம் மைதானத்துக்கு வந்து முளையடித்துக் கிடந்தது. விமானம் சொன்ன நாளில் வரவில்லை. மேகம். மறுநாளும் மேகம். அந்த வாரம் ஆண்டர்சன்பேட்டையில் வெள்ளை வேட்டி கட்டிய ஆளையே பார்க்க முடியவில்லை. பாதிரியார் வீட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து தங்கள் படுக்கை விரிப்பைப் பார்த்துவிட்டுப் போனது.

வேட்டிகளில் ஒன்று குறைந்தபோது லென்ஸ்காரர் தயங்கவில்லை. மாமனார் எடுத்துக்கொடுத்த கல்யாண வேட்டியை விரித்துவிட்டார். மேகம் விலகியது கல்யாணத்தன்று காலையில்.

பெண் வீட்டார் பௌத்தர்கள். நல்ல நேரம், கெட்ட நேரம் பார்ப்பதில்லை. பார்த்தது ஷிப்ட் நேரம் ஒன்றைத்தான். பெண்ணின் அப்பா சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிறவர். அவருக்கும் மாமன் சித்தப்பன்மார்களுக்கும் மதிய ஷிப்ட். லீவெல்லாம் முன்பே தீர்ந்துபோயிருந்தது. ஆட்களை இறக்கும் கேஜ் எந்த மாப்பிள்ளைக்காகவும் காத்திருக்காது. சங்கு ஊதுவதற்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும்.

விகாரையில் எல்லாரும் கூடியிருக்க, மாப்பிள்ளையைக் காணோம். அப்பா ஆட்களோடு மைதானத்துக்கு வந்தார். நானும் பின்னால் போனேன். லென்ஸ்காரர் காக்கிக் கால்சட்டையோடு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாப்ள, ஊரே அங்க கீது, நீங்க இங்க கீறீங்க?"

"வேட்டி இங்க கீது மாமா."

எடுத்துக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார் அப்பா. எடுத்தால் மூன்றாவது கோடு போய்விடும், இரண்டு கோட்டை வைத்து எந்த லென்ஸையும் சோதிக்க முடியாது என்று மாப்பிள்ளை விளக்கினார். அப்பா விளக்கத்தை முழுக்கக் கேட்கவில்லை. வேலைக்குப் போகிற பெண்ணை இந்த மாதிரி ஆளிடம் தள்ளுவதைவிட வீட்டிலேயே வைத்துக்கொள்வேன், கல்யாணம் கிடையாது என்று சொல்லித் திரும்பினார். உறவுக்காரர்களும் திரும்பினார்கள். லென்ஸ்காரர் எழுந்தார். முளையருகே போய்க் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

அப்போதுதான் ரஞ்சிதம் பௌத்தர் வழக்கப்படி கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளைச் சேலையில், கரியில் கால் வைத்து நடந்து வந்தாள். கோடுகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு மைதானத்து ஓரத்தில் ஒரு கல்லைத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நைனா, நான் கட்டிக்கப் போறது வேட்டிய இல்ல. ஆளு இங்கதான் கீறாரு. பிக்குவ இட்டுனு வாங்க."

அப்பா சங்குக் கம்பத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஆள் அனுப்பினார். பஞ்சசீலம் சொல்லிக்கொண்டிருக்கும்போது விமானச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் தலை தானாக மேலே போயிற்று. ரஞ்சிதம் அவர் மோவாயைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மோதிரமும் மாலையும் முடிந்த கையோடு அப்பா புதுச் சட்டையிலேயே சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டை நோக்கி ஓடினார். கேஜ் கிடைத்தது.

படங்கள் வந்தன. விமானம் நேர் மேலே பறந்து எடுத்ததிலும், தள்ளிப் பறந்து மைதானத்தை மூலையில் விழவைத்து எடுத்ததிலும் அவர் மணிக்கணக்கில் குனிந்திருந்தார். 'நடுவில் துண்டு தெரிகிறது, மூலையில் வேட்டியே தெரியவில்லை' என்று எழுதிக்கொடுத்தார். சர்வே தலைவர் சிரித்துவிட்டு, அதையே எண்களாக மாற்றிப் பெங்களூரிலிருந்த விமானக் கம்பெனிக்கு அனுப்பினார். மூலையில் விழுந்த படத்தில் தான் எங்கே என்று மாமனார் கேட்டார். "நீங்க கலங்கிட்டீங்க மாமா" என்றார் மருமகன்.

வேறு லென்ஸோடு விமானம் மறுபடி வர மழைக்காலம் கழிந்தது. இந்தத் தடவை ஊரில் யாரும் ஒரு கைக்குட்டைகூடத் தரவில்லை. துணி தரமாட்டேன், வேண்டுமானால் நான் வருகிறேன் என்றார் முனுசாமி. ரஞ்சிதம்தான் வீட்டிலிருந்த வெள்ளையையெல்லாம் மூட்டை கட்டி எடுத்து வந்தாள். கடைசியாகக் கல்யாணச் சேலையையும் விரித்தாள். காற்று பலமாக இருந்தது. லென்ஸ்காரர் முளையை ஓங்கினார், சேலையைப் பார்த்தார், முளையைக் கீழே போட்டுவிட்டு ஒரு மூலையில் கையை அழுத்தி உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டாலும் யாரும் மூலையை விட்டு எழக்கூடாது என்று உத்தரவு போட்டார். அடுத்த மூலையில் ரஞ்சிதம் உட்கார்ந்தாள், மூன்றாவதில் முனுசாமி.

நாலாவது மூலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நான் போய் அதில் உட்கார்ந்தேன்.