படுதா வேண்டாம் என்ற விசுவாசி

விசுவாசம் எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். மூளைக்கு விட வேண்டிய இடத்தையும் சேர்த்து அதுவே எடுத்துக்கொண்டது என்று உங்கள் அம்மா சொல்வாள். பிள்ளைகளே, நீங்கள் இருவரும் ஊரில் அரைகுறையாகக் கேட்டுச் சிரிக்கிற கதையை முழுசாக நானே எழுதிவிடுகிறேன். வேறு யாராவது எழுதினால் இன்னும் மோசமாக இருக்கும்.

அப்போது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து சம்பா போட்டிருந்தேன். ஐப்பசியில் மழை இல்லை. மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து மழைக்காக ஜெபித்தேன். (உபவாசம் என்றால் பட்டினி. டீ கணக்கில் வராது.) வானம் அசையவில்லை. ஆற்றுத் தண்ணீரை வைத்து எப்படியோ பயிர் தேறி, தை கடைசியில் அறுத்து, நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டினோம். எங்களுக்கு முன்னால் பதினொரு பேர். முறை வரும்வரை நெல் வெட்டவெளியில் அம்பாரமாகக் கிடக்கும். நனைந்தால் ஈரம் பார்க்கும் மிஷின் காட்டிக்கொடுத்துவிடும்; எடுக்க மாட்டார்கள். இரண்டு நாள் விட்டால் முளைத்தும்விடும். எங்கள் ஒரு வருஷப் பிழைப்பு அந்தக் குவியலில் இருந்தது.

மற்றவர்கள் எல்லாரும் படுதா போட்டு, கயிறு கட்டி, பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார்கள். நான் மட்டும் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். காரணம், முந்தின வாரம் ஒரு கன்வென்ஷனில் கேட்ட பிரசங்கம். கர்த்தரை நம்புகிறவன் முன்னேற்பாடு செய்தால் அது சந்தேகப்படுவதற்குச் சமம் என்று பிரசங்கியார் முழங்கினார். நான் கண்ணீர் விட்டேன். அவர் நின்ற மேடைக்கு மேலே இரட்டைப் படுதா கட்டியிருந்தது கண்ணீரில் தெரியவில்லை.

சனிக்கிழமை கடைத்தெருவில் ஜப்பார் பாய் கூப்பிட்டார். புண்ணாக்கு, தவிடு விற்கிறவர்.

"தம்பி, மானம் கருக்குது. கடையில ஒரு படுதா சும்மாதான் கிடக்கு. எடுத்துட்டுப் போங்க."

"வேணாம் பாய். மேல இருக்கறவர் பார்த்துக்குவார்."

"மழையும் அங்கேருந்துதான் தம்பி வருது."

பாவம், ஆவிக்குரிய விஷயம் இவருக்கு எங்கே புரியப் போகிறது என்று இரக்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உங்கள் அம்மா ரீத்தா, படுதா போட வேண்டாமா என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். நான் அரை மணி நேரம் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. என் பேச்சின் வல்லமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, சாட்சி சொல்வதற்காக முதல் ஆளாகக் கோயிலுக்குப் போனேன். (சாட்சி என்றால், கர்த்தர் நமக்குச் செய்ததைச் சபை முன்னால் எழுந்து சொல்வது.) பின்னால் வருகிறேன் என்ற ரீத்தா, இரண்டாம் பாட்டில்தான் உள்ளே வந்தாள். சேலை ஓரத்தில் பதர், உள்ளங்கை இரண்டும் சிவப்பு. ஆண்டவர் சந்நிதிக்கு வருகிற லட்சணமா இது என்று முறைத்தேன்.

சாட்சி நேரம் வந்தது. எழுந்தேன். ஊரே படுதாவை நம்பியபோது நான் யாரை நம்பினேன் என்பதை விளக்கினேன். குரல் நன்றாக வந்தது. "இந்த நிமிஷம் வரைக்கும் என் நெல்லு மேல ஒரு சொட்டு..." என்று கையை உயர்த்தினேன்.

தகரக் கூரையில் டப் என்றது. பிறகு டப், டப். பிறகு யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை.

சபை மொத்தமும் கூரையைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. உயர்த்திய கையை எப்படிக் கீழே இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பாஸ்டர்தான் முதலில் ஓடினார், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு. நான்கு பேர் பீடத்துக்கு முன்னால் கிடந்த சிவப்பு ஜமுக்காளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்கள். என் நெல்லை மூடத்தான். நான் வாசலில் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி மட்டும் இடத்தை விட்டு எழவில்லை. ரீத்தா பாட்டுப் புத்தகத்தை மூடி, பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வழியில் இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன். களத்துக்குப் போனால் என் அம்பாரத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் நீலப் படுதா போர்த்திய ஒரு மேடு. நாலு பக்கமும் கயிறு, முளைக்கு முளை இறுக்கிக் கட்டியிருந்தது. புண்ணாக்கு வாசனை அடித்தது. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஜப்பார் பாய்.

"ஏன் எல்லாரும் ஓடி வரீங்க? உங்க வீட்டம்மா கோயிலுக்குப் போற வழியிலேயே கட்டிட்டுப் போய்ட்டாங்களே." என் சட்டைச் சேற்றைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "ஐப்பசியில கேட்டீங்கள்ல, அதுதான் இப்ப வந்து சேர்ந்திருக்கு போல."

நெல் ஒரு மணிகூட நனையவில்லை. சபை ஜமுக்காளம் தெப்பமாக நனைந்தது. அதைத் துவைத்துக் காயவைக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

"சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வீட்டில் கேட்டேன்.

"நீங்க சாட்சிக்கு ரெடியாயிட்டிருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டேன்." சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "நானும் ஜெபம்தாங்க பண்ணினேன். ஒரு படுதாவுக்கு வழி காட்டும்னு கேட்டேன். உடனே பாய் கடை ஞாபகம் வந்துது."

எனக்குக் காட்டிய வழியும் அதே கடைதான். பாய் நேராகக் கூப்பிட்டே கொடுத்தார். நான்தான் வேண்டாம் என்று சொல்லி, கூடவே ஒரு பிரசங்கமும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் சாட்சி சொல்ல ரீத்தாவைக் கூப்பிட்டார். (என்னைக் கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை.) அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஆண்டவர் எங்க நெல்லைக் காப்பாத்தினார். பாய் படுதா கொடுத்தார். கயிறு நான் கட்டினேன்."

இப்போதும் சாப்பாட்டு ஜெபத்தில் நான் கண்ணை மூடி, எல்லாவற்றையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று முடித்தால், ஆமென் வருவதில்லை. நீங்கள் இருவரும் ஒரே குரலில் கேட்கிறீர்கள்: "கயிறு யாருப்பா கட்டறது?"

நான் கட்டுகிறேன். பிறகுதான் ஆமென்.