காந்தலூர் வேலுச்சாமியின் உலகச் சதி

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே குடும்பம். நாலாம் வகுப்போடு நின்றவன் என்பதால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். நான் ஒரு புத்தகத்தை வாசித்த லட்சணத்தில், என் மகள் கனகாவின் கல்யாணமே கவிழப் பார்த்தது.

உடும்பஞ்சோலையில் பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் அடுப்புக்கு விறகு போடுவது என் வேலை. பக்கத்திலேயே பதினாலு பெண்கள் உட்கார்ந்து காய்ந்த காயைத் தரம் பிரிப்பார்கள். ஒருநாள் முதலாளி மகன் விட்டுப்போன தடிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். தமிழில் மொழிபெயர்த்த வெளிநாட்டு நாவல். அட்டையில் துப்பாக்கி.

“வாய்க்குள்ளயே முணுமுணுக்காம சத்தமா வாசிங்கண்ணே, எங்களுக்கும் பொழுது போகும்” என்றாள் பேச்சியம்மா.

எனக்குப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தேன். ஏழு நாட்டுத் தலைவர்களுக்கு ஒரே நாளில் விஷம் வைக்கத் திட்டம் போடும் கோடீஸ்வரன் ஒருவன்; அவனைத் துரத்தும் போலீஸ்காரன் ஒருவன். போலீஸ்காரன் பெயர் டாம். கோடீஸ்வரன் பெயரோ ஒன்றரை வரி நீளம். (இரண்டு முறை முயன்றேன். இருமல் வந்துவிட்டது.) அந்த வாரம்தான் கனகாவைப் பெண் பார்த்துப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வேலுச்சாமி, காந்தலூரில் பூண்டு விவசாயம். அந்தப் பெயரே தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்ததால் வில்லனுக்கு அதையே வைத்துவிட்டேன். காந்தலூர் எங்கே, எங்கள் ஸ்டோர் எங்கே! முடிவாகாத சம்பந்தம் என்பதால் யாரிடமும் மூச்சு விடவும் இல்லை.

கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. அபிப்பிராயங்கள் அதைவிட வேகமாக வந்தன.

“இதுல ஒருத்தனாச்சும் சோறு திங்கிறானா? ஓடிக்கிட்டே இருக்கானுக.”

“காலையில லண்டன், மத்தியானம் மாஸ்கோ. நமக்குப் போடிமெட்டு ஏறுறதுக்குள்ள இடுப்பு கழண்டுபோகுது.”

“பாரீசுல ஒரு பொண்டாட்டி, ரோமுல ஒரு பொண்டாட்டி. காந்தலூர் வேலுச்சாமி மட்டும் என் கையில சிக்கட்டும்!”

மூன்றாவது அபிப்பிராயம் பேச்சியம்மாவுடையது. (காந்தலூரையும் நான்தான் சேர்த்திருந்தேன். வாய்க்கு நன்றாக இருந்தது.)

கதை முடிய ஒரே அத்தியாயம் பாக்கி. அன்று பார்த்து, போடிக்குப் போய்த் திரும்பும் வழியில், கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மாப்பிள்ளையின் அப்பாவே ஸ்டோருக்கு வந்துவிட்டார்.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?” என்றாள் பேச்சியம்மா.

“காந்தலூரும்மா. வேலுச்சாமி.”

பதினாலு ஜோடிக் கைகளும் காய்க்குள் அப்படியே நின்றன.

“ஏழு நாட்டுத் தலைவருக்கு வெசம் வச்சது நீங்கதானா?”

“பாரீசுல அக்கா சௌக்கியமா?” என்றாள் இன்னொருத்தி.

அவர் முகம் கறுத்தது. “செல்லையா, என்ன இது? பொண்ணு எடுக்க வந்த எடத்துல என்னைப் பத்தி இப்பிடித்தான் பேசி வச்சிருக்கீரா?”

அடுப்புக்குள் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். வழியில்லாமல் புத்தகத்தை நீட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுதாகக் கேட்டார்.

“சரி, அந்தப் போலீஸ்காரனுக்கு என் பேரை வச்சிருக்கப்படாதா?”

“அவரு பேரு சின்னதுண்ணே. எனக்கே வாசிக்க வந்துருச்சு.”

ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சாக்கின் மேல் உட்கார்ந்தார். “மிச்சத்தையும் வாசியும். எனக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டுத்தான் கல்யாணப் பேச்சு.”

கண்ணை முன்னால் ஓட்டினேன். வில்லன் ஹெலிகாப்டரிலிருந்து கடலில் விழுந்து சாகிறான். மகள் வாழ்க்கை. துணிந்து சொந்தமாக ஒரு வரி வாசித்தேன்: “வேலுச்சாமி மனம் திருந்தி, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார்.”

“அட, புளுகு!” என்று பதினாலு பேரும் கத்தினார்கள். “அத்தன பேரக் கொன்னவனுக்கு மன்னிப்பா? இதுக்கா மூணு வாரம் கேட்டோம்?”

நான் பயந்து அவரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். “அவுக சொல்றது நியாயம். நானே ஒத்துக்க மாட்டேன். உள்ளபடி வாசியும் சம்பந்தி.”

சம்பந்தி! வரி மங்கலாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கடலில் தள்ளினேன். பெண்கள் கைதட்டினார்கள். அவர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

விஷயம் ஜீப் ஏறிக் காந்தலூர் போய்ச் சேர மறுநாள் மத்தியானம்கூட ஆகவில்லை. சம்பந்தியம்மா என் மனைவியைப் போனில் கூப்பிட்டார். நான் போனில் காதை ஒட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்த நாவலைப் பற்றி அவர் சொன்ன அபிப்பிராயத்தை, கல்யாணமாகி மூன்று வருஷம் ஆன பிறகும் இரண்டு வீட்டு விசேஷத்திலும் யாராவது ஒருவர் அதே குரலில் சொல்லிக் காட்டுகிறார்கள். சம்பந்தியே சொல்லிக் காட்டுவதும் உண்டு:

“நம்புற மாதிரியே இல்லியே மதினி. இந்த மனுசனுக்கு அம்புட்டுச் சாமர்த்தியம் இருந்தா, நான் ஏன் இன்னும் பூண்டு மூட்டை கட்டிக்கிட்டுக் கெடக்கேன்?”

எழுதி முடித்தது: ஆவணி பதினெட்டு, மழை நாள்.