நாடி நானாவும் நடுங்கிய காரும்

2024 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.40. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்திக்கு இந்தப் பக்கம், எங்கள் காருக்கு முன்னால் பதினேழு வாகனங்கள் நின்றன. ஏசித் திரையில் 22 பாகை என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. துவாரத்திலிருந்து வந்ததோ, புட்டுப் பானை மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று. பக்கத்தில் இருந்த என் மனைவி பரமேஸ்வரி, "இஞ்சாருங்கோ, கண் இருட்டுது" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

தண்ணீர் தெளித்ததும் எழும்பிவிட்டாள். ஆனால் அவளுக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. வெக்கையில் இருக்கக்கூடாது என்று டாக்டர் கட்டளை. காரைத் திருப்பி வெள்ளவத்தை வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

நாடி நானாவை நான் அறிந்துகொண்டது இந்த மயக்கத்தின் புண்ணியத்தில்தான். ஆகவே இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்த நகரத்தில் காருக்கு ஏசி திருத்துகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கார் என்ன நினைக்கிறது என்று விசாரித்துத் திருத்துகிறவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் பரமேஸ்வரி கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும். அங்கே அவளுடைய அக்கா படுத்த படுக்கை. வயது எண்பத்து நான்கு. இருவரும் மதியச் சோறு சாப்பிட்டு, இரண்டு மணிநேரம் சண்டை பிடித்து, அழுது பிரிவார்கள். அதுதான் என் மனைவிக்கு வாரத்தில் உள்ள ஒரே சந்தோஷம். கார் சூடானதும் அது நின்றது. டாக்ஸி இரண்டு தடவை பிடித்தோம். இரண்டு சாரதிகளும் பாதி வழியில் பெட்ரோல் விலையைச் சொல்லி ஏசியை நிறுத்தினார்கள். இரண்டு தடவையும் பாதியில் இறங்கினோம். அக்கா தொலைபேசியில், "அடுத்த வெள்ளி நான் இருப்பனோ தெரியாதடி" என்றா. ஒன்பது வருடமாக இதைத்தான் சொல்லுறா. ஆனால் இந்த முறை பரமேஸ்வரி சிரிக்கவில்லை.

மூன்று கராஜ்களுக்கு ஏறி இறங்கினேன். முதலாவதில் கேஸ் நிரப்பினார்கள். இரண்டாவதில் அந்தக் கேஸை வெளியேற்றிவிட்டு வேறு கேஸ் நிரப்பினார்கள். மூன்றாவதில் ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் வால்வை மாற்றினார்கள். கார் முன்னைவிட உற்சாகமாகச் சூடு தந்தது. தவறிய வெள்ளிகள் மூன்று.

பிறகுதான் யாரோ சொல்லி, ஏப்ரல் முதலாம் திகதி திங்கட்கிழமை, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருகொடவத்தைக்குத் திரும்பும் ஒழுங்கையில் நாடி நானாவிடம் போனேன். மெலிந்த மனிதர், வெள்ளைத் தொப்பி, வயது அறுபத்தைந்து மதிக்கலாம். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. காற்றுத் துவாரத்தில் மூன்று விரலை வைத்து, கண்ணை மூடி, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பார்ப்பார். அதனால் வந்த பெயர் இது; நானா என்றால் இங்கே முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். கணினிச் சோதனைக் கருவி ஒன்றும் வைத்திருந்தார், பற்றுச்சீட்டுப் புத்தகம் காற்றில் பறக்காமலிருக்க.

"இத ஏன் நீங்கள் பாவிக்கிறேல்ல?" என்றேன்.

"அது பொய் செல்லாது சேர். ஆனா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் செல்லும். எங்கட மருமகன் மாதிரி."

நான் போன நேரம் சித்திரை சீசன். கொழும்புக்காரர்கள் வருடத்தில் மூன்று நாள் மலைக் குளிருக்காக நுவரெலியாவுக்குப் போவார்கள். அந்த மூன்று நாளுக்காக மட்டும் ஹீட்டர் என்று ஒன்று காரில் இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வரும். நானாவின் ஹீட்டர் சோதனை பிரசித்தம். கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, நடு வெயிலில் சொந்தக்காரரை உள்ளே இருத்தி, தானும் பக்கத்தில் இருப்பார். இருபது நிமிடம். ஒரு நிமிடம் குறையாது.

அன்று உள்ளே இருந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு சிங்களக் கனவான். எட்டாவது நிமிடத்தில், "எத்தி, எத்தி" என்று போதும் போதுமெனக் கெஞ்சுவது வெளியே கேட்டது. கண்ணாடி இறங்கவில்லை. இருபதாவது நிமிடத்தில் அவர் வெளியே வந்தபோது கழுத்துப்பட்டியைப் பிழிந்தார். உண்மையாகவே பிழிந்தார். பின்னால் நானா தொப்பியைச் சரிசெய்தபடி இறங்கினார்.

"தண்ணி குடியுங்கோ" என்று என் போத்தலை நீட்டினேன்.

"நோன்பு, சேர்" என்றார்.

விடியப்புறத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத மனிதர் அப்படி ஒரு நாளில் நான்கு கார்களில் வேகுவதை நான் எண்ணினேன். எண்ணவே எனக்குக் களைத்தது.

என் காரில் ஏறினார். நாடி பார்த்தார். கண்ணைத் திறந்து ஸ்டீயரிங்குக்கு மேலே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சட்டென்று பார்வையை வெளியே திருப்பிக்கொண்டார். காருக்கு விலை மதிக்கிறார் என்று நினைத்தேன்.

"இடப்பக்கத்துல ஆரு இருக்கிய?"

"என்ர மனிசி."

"ம். நாளக்கி வாங்க."

செவ்வாய், கேஸ் அளந்தார். குறை இல்லை. புதன், குளிர் காற்றையும் சூட்டுக் காற்றையும் கலக்கிற சின்னக் கதவைக் கழற்றிப் பார்த்தார். கதவு நன்றாகத் திறந்து மூடியது. வியாழன், வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மாலை நான்கு மணிக்கு ஒரு பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் நல்லா ஈக்கிது, சேர்."

"நல்லது தானே?"

"நல்லதில்ல. ஒண்டாவது பழுதா ஈந்தீக்க வேணும்." கொஞ்சம் தயங்கினார். "நாளக்கி மெடத்தக் கூட்டிட்டு வாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உந்தக் காருக்குள்ளயோ? அவ மயங்கினதே உதுக்குள்ளதானே! அவவுக்கும் நாடி பார்க்கப் போறீரோ?"

"வெயிலுக்கு முந்தி வாங்க. ஆறு மணிக்கி. நான் திறந்து வெச்சீப்பன்."

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை துடைத்துப் போட்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் ஒரு சோடா, மூடி திறக்காமல். நானா கையை முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி வந்து, காருக்கு இரண்டு அடி தள்ளி நின்றார்.

"அக்கா, கோவிச்சுக்கொள்ள வாணாம். இந்தச் சாமிய எப்ப வெச்ச?"

காரின் முன் தட்டில், கண்ணாடிக்குக் கீழே, எங்கள் பிள்ளையார் இருந்தார். மூன்று அங்குலம், பித்தளை.

"கார் வாங்கின அண்டைக்கு. நாலு வருசம்" என்றாள் பரமேஸ்வரி.

"கீழ கறுப்பா ஒரு பொட்டு ஈந்திச்சா?"

"ஓம். வடிவா ஒரு பீடம் மாதிரி இருந்தது. அதுக்கு மேலதான் பசை போட்டு ஒட்டினனான்."

நானா கண்ணை மூடித் திறந்தார். "ஸ்டீயரிங் பக்கத்துல அந்தச் சின்னக் கீறல் மூணுலயும் ஊதுபத்திக் காம்பு ஈக்கிதே?"

"அது ஊதுபத்தி குத்துறதுக்கெண்டு யப்பான்காரன் விட்ட ஓட்டை எல்லோ?"

ஒவ்வொரு வெள்ளியும் அவள் அதில் ஒன்று கொளுத்திவைத்து, அது எரிந்து முடிந்த பிறகுதான் நான் சாவியைப் போடுவேன். நான்கு வருடத்தில் இருநூற்றெட்டு ஊதுபத்தி. பழைய காம்புகளைப் பிடுங்கிப் போட்டவனும் நான்தான்.

"கெட்டிக்காரக் காரு, அக்கா" என்றார் நானா. "வெளிய வெயில் எவ்வளவு, உள்ளுக்கு சூடு எவ்வளவு எண்டு தானே பார்த்துத்தான் காத்து கலக்கும். அந்தக் கறுப்புப் பொட்டு அதுட கண். இந்தக் கீறல் அதுட மூக்கு. கண்ண மூடியாச்சி. மூக்குக்குள்ள நாலு வருஷச் சாம்பல் சேர்ந்து இப்பதான் முழுசா அடைச்சீக்கிது. மூக்குக்குப் பின்னால குளிர்க் குழாய் ஓடுது. காருக்குள்ள காத்து மூக்குக்கு வராட்டி, அந்தக் குளிர் மட்டும்தான் அதுக்குத் தெரியும். இருட்டு, குளிர். நுவரெலியாவுல ராவுல நிக்கிறன் எண்டு நினைச்சி நடுங்குது, பாவம். ஒங்களுக்கும் குளிருமே எண்டு ஹீட்டரப் போடுது."

பரமேஸ்வரி காரைப் பார்த்தாள். "ஐயோ, எனக்காகவோ?" என்றாள். அப்படியொரு கனிவாக அவள் என்னிடம் பேசி எத்தனையோ காலம்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இத நீர் எப்ப கண்டனீர்?"

"திங்கக்கிழம."

"பிறகென்ன நாலு நாளா என்னை அலைக்கழிச்சனீர்?"

நானா தலையைச் சொறிந்தார். "வேற ஏதாவது பழுதா ஈந்தா, சாமிய அசைக்கத் தேவயில்லியே, சேர். அதான் மத்ததெல்லாத்தயும் முதல்ல பார்த்தன். அது நான் கை வெச்சுக் கழட்டுற சாமானும் இல்ல. அக்காதான் எடுக்க வேணும்."

தூண்டில் நூல் ஒரு துண்டு கொடுத்தார். பசைக்கு அடியில் விட்டு மெதுவாக அறுக்கச் சொன்னார். அவள் அறுத்து முடியும்வரை, சுவரில் தொங்கிய பழைய டயர்களை எண்ணுகிறவர்போல் முதுகைக் காட்டி நின்றார். பிள்ளையார் கையோடு வந்தார். பிறகு நானா சட்டைப் பையிலிருந்து வட்டமாக வெட்டிய ஒரு பச்சைக் கம்பளித் துண்டை எடுத்து, முன் தட்டின் இடப்பக்கத்தில் வைத்தார்.

"இந்த இடத்துல கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. வெளிச்சம் நல்லா வரும். ஒங்களுக்கு நேர ஈப்பாரு."

பிள்ளையாரை வைத்துப் பார்த்தாள். துண்டு பிள்ளையாரின் அடிப்பாகத்துக்கு ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை. கண்ணாலேயே அளந்து வெட்டி வைத்திருந்திருக்கிறார்.

சாம்பலைச் சின்னத் தூரிகையால் தட்டி, ஊதி எடுக்க முக்கால் மணிநேரம் ஆனது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு மூவரும் உள்ளே இருந்தோம். 22 என்று போட்டார். ஒரு நிமிடம். இரண்டு. என் கை பரமேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மூன்றாவது நிமிடத்தில் அவள், "இஞ்சாருங்கோ, கொஞ்சம் குறையுங்கோ, குளிருது" என்றாள்.

நானா துவாரத்திலிருந்து விரலை எடுத்தார். "காரு கண் முழிச்சிட்டு" என்றார்.

அங்கிருந்து அக்கா வீடு ஆறு நிமிடம். அன்று சகோதரிகள் இரண்டரை மணிநேரம் சண்டை பிடித்தார்கள். நான் வாசலில் இருந்து கணக்குப் பார்த்தேன். மூன்று கராஜ்களுக்கும் அறுபத்து நான்காயிரம். நானாவின் பற்றுச்சீட்டில் தூரிகை 250, வேலை 1,750. அவர் நோன்போடு வேறு பழுது தேடி அலைந்த அந்த நான்கு நாளுக்கு என்ன போட்டிருக்கிறார் என்று சீட்டைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஆக மொத்தம், அறுபத்தாறாயிரம் ரூபாய்.